அடுக்களையும் அனுமோதனையும்

சென்ற ஆண்டுத் தை மாதத்தில் எங்கள் இல்லத்து அடுக்களையைப் புதுப்பிக்க நேர்ந்தது. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் மாமனாரின் தந்தையார் கட்டிய வீடு அது. முற்றத்திற்கு மேற்கே 14 அடி நீளமும் 9 அடி அகலமுமாக ஓர் அறை. கிழக்கே தாழ்வாரத்தை நோக்கிய வாயில். மேற்கே ஒரு சன்னல். வடமேற்கு மூலையில் அங்கணம். அங்கணத்தை அடுத்த சுவரில் பதித்த மர அலமாரி. 1972இல் மணமகளாக அவ்வறைக்குள் நுழைந்தேன். பள்ளிக்குப் புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும் என் வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. என் மகனும் மருமகளும் நகரத்தை விட்டு எங்களோடு வந்து தங்க முடிவு செய்தபோது, “இனி இதை இப்படியே வைத்திருக்க இயலாது, அம்மா” என்றான் மகன். மறுத்துரைக்க எனக்கும் காரணம் இல்லை.

கட்டம் போட்ட தாளில் அளவெடுத்து வரைபடம் எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கற்று, பின்னர் 38 ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்த வேலைதானே! ஓர் அறையைத் தாளில் வரைவது எளிது. அவ்வறையில் எத்தனை உயிர்கள் குடியிருக்கின்றன என்பதைத் தாளில் காட்டுவதற்கு எனக்குப் பயிற்சி இருந்ததில்லை.

இல்லறத்தானுக்கு உயிர்க்கொலை நேரும் இடங்கள் ஐந்து என்று நம் பெரியோர் எண்ணிச் சொல்லியிருக்கின்றனர். உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகியவையே அவை. ஐந்தில் நான்கு அடுக்களைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஐந்தாவதும் மிகுதியாகப் புழங்குவது அங்குதான். அதனால்தான் இல்லறத்தானின் இம்சையை நான்காகப் பகுத்து, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை முற்றிலும் விலக்கச் சொன்ன ஆசிரியர்கள், சமைத்தல், துப்புரவு செய்தல் போன்றவற்றால் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலால் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பால் நேரும் விரோதி இம்சை ஆகிய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளுமாறு பணித்தனர். இளமையில் இந்தப் பகுப்பைப் பாடமாகக் கேட்டபோது, இல்லறத்தார்க்குக் காட்டப்பட்ட சலுகை என்றே எண்ணினேன். அது சலுகை மட்டுமன்று என்பதை ஒரு மர அலமாரி எனக்கு உணர்த்திற்று.

அலமாரியைப் பெயர்த்தபோது அதன் பின்புறம் முழுவதும் கறையான் புற்றாக இருந்தது. மரம் வெளியே பளபளப்பாகத் தோன்றியது. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. மண்ணால் எழுப்பிய மெல்லிய குழாய்கள் தரையிலிருந்து பலகை வரை கொடிபோல் ஏறியிருந்தன. வெள்ளை வெளேரென்ற சிற்றுயிர்கள் வெளிச்சம் கண்டு தவித்தன. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, அடிமண்ணில் மருந்து ஊற்றாமல் மேலே கட்டினால் பயனில்லை. இன்றைக்கே ஊற்றிவிடட்டுமா?” என்று கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. “ஜினாலயத்திற்குப் போக வேண்டிய நேரமாகிவிட்டது” என்று கூறி, மலர்த்தட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். வழக்கமாகப் போகும் நேரத்திற்கு இன்னும் ஒரு மணி இருந்தது. திரும்பி வந்தபோது வீடெங்கும் காரமான நெடி. மேஸ்திரி என்னைப் பார்த்து, “முடிந்துவிட்டது” என்றார். நான் தலையசைத்தேன்.

நஞ்சை ‘மருந்து’ என்று வழங்கும் வழக்கம் நம் பேச்சில் எப்போது புகுந்ததோ தெரியவில்லை. எறும்பு மருந்து, எலி மருந்து, பூச்சி மருந்து என்கிறோம். எவருடைய நோயைத் தீர்க்கும் மருந்து அது? சொல்லைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், அன்றுவரை இவ்வழக்கைப் பற்றி ஒரு நாளும் நின்று சிந்தித்ததில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வினை செய்வதற்கு மூன்று வழிகள் உண்டு: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனை என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாடம் இது. நான் ஊற்றவில்லை, ஊற்றுமாறு சொல்லவும் இல்லை. உடன்பட்டேனா? வாயால் உடன்படவில்லைதான். ஆனால், மறுத்தால் வேலை நின்றுவிடும் என்பதும், மௌனமாக இருந்தால் மேஸ்திரி ஊற்றிவிடுவார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. தெரிந்தே அங்கிருந்து அகன்றேன். ஒரு மாணவன் அடிபடும்போது “நான் ஒன்றும் செய்யவில்லை, டீச்சர், சும்மா நின்றேன்” என்று சொன்ன பிள்ளைகளை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! நான் நிற்கவும் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டேன். கோயிலை ஒரு மறைவிடமாகப் பயன்படுத்தியதுதான் அன்று என்னை மிகுதியும் வருத்தியது.

இதனை என் உறவினர் ஒருவரிடம் கூறியபோது, “வீட்டை அரிக்கும் கறையானைத் தடுப்பது விரோதி இம்சைதானே? வீட்டைக் காப்பதும் இல்லறத்தான் கடமை அல்லவா?” என்றார். அவர் நூலறிவு உடையவர். அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கூரை சரிந்து விழும் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எவரும் தத்துவம் பேச இயலாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும், அந்தக் கறையானை யார் அழைத்தது? கறையானுக்கு வேண்டியவை இரண்டு: ஈரமும் மரச்சத்தும். அங்கணத்து நீர் வாட்டமில்லாத தரையில் தேங்கி, பல ஆண்டுகளாகச் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புப் பூச்சு உப்பியதைப் பார்த்தோம். ஆண்டுதோறும் வெள்ளையடித்து மறைத்தோம். அந்த ஈரச் சுவரிலேயே மர அலமாரியை, மண்ணைத் தொடும்படி பதித்திருந்தோம். இலை போட்டுப் பரிமாறிவிட்டு, உண்ண வந்தவனைப் பகைவன் என்று கூறுவது எப்படிப் பொருந்தும்? உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், உயிர் பிரிவதை மட்டும் பார்த்து இம்சையை வரையறுக்கவில்லை; அதற்குக் காரணமான பிரமாதத்தையும் சேர்த்தே வரையறுக்கிறது. பேச்சுவழக்கில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு. “சாம்பார் பிரமாதம்” என்கிறோம். ஆகமச் சொல்லாகக் கொண்டால் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை என்பதாகும். எங்கள் அலமாரியும் அவ்வகையில் பிரமாதமாகத்தான் இருந்தது.

ஆக, மருந்து ஊற்றிய நாளன்று அந்தக் கொலை தொடங்கவில்லை. வாட்டமில்லாத தரையைப் போட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. அடுக்களையைத் திட்டமிடுவது அறநெறியைச் சார்ந்த செயல் என்று நான் கருதத் தலைப்பட்டது இதனால்தான். எத்தனை உயிர்களை அவ்வறை பின்னாளில் கொல்லச் சொல்லும் என்பது வரைபடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

முதல் வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். நகரத்திலிருந்து வந்த நிறுவனத்தார், மேடைக்குக் கீழும் மேலுமாக மரத்தூள் பலகையால் ஆன மாடுலர் அலமாரிகளைப் படம் காட்டிச் சென்றிருந்தனர். பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை நீர் பட்டால் உப்பும். உப்பினால் இடுக்கு விழும். ஈரமும் இருளும் வெதுவெதுப்பும் உள்ள இடுக்கில் கரப்பான் பெருகும். சிறு கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். பிறகு மாதந்தோறும் ‘மருந்து’. ஆகவே மேடைக்குக் கீழே கடப்பைக் கல் பலகைகளைத் தாங்கலாக நிறுத்தி, எஃகுக் கம்பி இழுப்பறைகளைப் பொருத்துவது என முடிவு செய்தோம். காற்றும் வெளிச்சமும் புகும் இடத்தில் கரப்பான் தங்குவதில்லை. தரைக்கு அங்கணக்குழி நோக்கி நல்ல வாட்டம் கொடுத்தோம். குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தோம். சாக்கடை வாய்க்கு நீர்ப்பூட்டுள்ள மூடி. சன்னலுக்குக் கம்பி வலை. பெரிய செலவு எதுவும் இல்லை.

மேடைக் கல்லின் நிறம் பற்றி எனக்கும் மருமகளுக்கும் ஒரு வாரம் வழக்கு நடந்தது. கறை தெரியாது என்பதால் அவள் கருங்கிரானைட் வேண்டும் என்றாள். கறை தெரியாத கல்லில் எறும்பும் தெரியாது என்றேன் நான். மங்கிய கண்ணுடைய எழுபது வயதுக் கிழவி சூடான பாத்திரத்தை இறக்கி வைக்குமுன் கீழே என்ன ஊர்கிறது என்று பார்க்க வேண்டாமா? இறுதியில் வெளிர் நிறக் கல்லே அமைந்தது. மஞ்சள் கறையும் அதில் நன்றாகத் தெரிகிறது. மருமகள் அதை அவ்வப்போது எனக்கு நினைவூட்டவும் தவறுவதில்லை.

அடுக்களையை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர்கள் மேல்நாட்டிலும் உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே லிஹாட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உள்ள சிறிய அறை அது. ஓடும் இரயிலின் உணவுப் பெட்டியில் இருவர் சிற்றிடத்தில் நின்று நூறு பேருக்குச் சமைப்பதைப் பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு அமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. என்னைக் கவர்ந்தவை வேறு இரு செய்திகள். மாவில் புழு வைக்காமலிருக்க மாவு இழுப்பறையை ஓக் மரத்தால் செய்தனர். ஈக்கள் நீல நிறத்தை நாடுவதில்லை என்ற கருத்தால் அலமாரிகளுக்கு நீலம் கலந்த வண்ணம் பூசினர். அந்த அம்மையார் அகிம்சை விரதம் பூண்டவர் அல்லர். தூய்மையே அவர் நோக்கம். எனினும், உயிர் வந்தபின் கொல்வதைவிட வராதிருக்க வழிசெய்வது சிறந்தது என்ற எண்ணம் அங்கும் எழுந்திருக்கிறது.

அந்த அடுக்களையில் ஒரு குறையும் உண்டு. ஒருவர் நின்றால் மற்றொருவர் நுழைய இடமில்லை. நடையை மிச்சப்படுத்திய அதே அறை, பெண்ணைத் தனியே அடைத்தும் வைத்தது.

சன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குச் சன்னலை அடைத்து, அங்கே உயரமான அலமாரி ஒன்றை நிறுத்துவது மகனுடைய திட்டம். பாத்திரத் தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்கு மேற்படக் கூடாது என்ற விதியை அவன் படித்திருந்தான். விதி நல்ல விதியே. ஆனால் அந்த விதியில் சூரியன் இல்லை. இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்போர் வீட்டில் மாலைச் சமையல் பிற்பகலில் நடைபெறுகிறது. கார்த்திகை மாதத்தில் எங்கள் பகுதியில் 5.40 மணியளவில் சூரியன் மறைகிறது. அதற்கு இரண்டு நாழிகை முன்னதாக, அதாவது 48 நிமிடங்களுக்கு முன்னரே உண்டு முடிப்பது முறை. அப்படியானால் நான்கு மணிக்கு அரிசியில் கல்லும் வண்டும் பார்க்க வேண்டிய என் கண்ணுக்கு ஒளி எங்கிருந்து வரும்? மேற்கிலிருந்துதான். காலையில் முற்றத்து ஒளி, மாலையில் சன்னல் ஒளி என்று அமைத்த முன்னோர்கள் முக்கோணம் படிக்கவில்லை, பொழுதைப் படித்திருந்தனர். சன்னல் தப்பியது. எரிவாயு உருளையை அடைத்த அலமாரிக்குள் வைக்கும் திட்டத்தையும் மாற்றினோம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரம் தங்கும். ஆகவே உருளையை வெளியே கம்பிக் கூண்டில் வைத்து, அடுக்களைச் சுவரின் அடியிலும் காற்றுத் துளைகள் விட்டோம்.

இவ்வளவும் செய்தபின் எனக்குள் ஒரு நிறைவு தோன்றியது. செய்த பிழைக்கு ஈடு செய்துவிட்டதாகக்கூட எண்ணினேன். வரைபடத்தை மருமகளிடம் காட்டி, எறும்புக்கு எப்படி, ஈக்கு எப்படி, கரப்பானுக்கு எப்படி என்று வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட அவள், “எல்லாம் சரி அத்தை. பாத்திரம் துலக்குகிற அம்மாவுக்கு எப்படி?” என்றாள்.

எங்கள் வீட்டில் 18 ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் அம்மையார் கொல்லைப்புறத்தில், கிணற்றடிக் கல்லின்மேல் குத்துக்காலிட்டு அமர்ந்துதான் துலக்குவார். பகல் உணவுக்குப் பின், அதாவது இரண்டு மணி வெயிலில். பாத்திரம் வெயிலில் காய வேண்டும் என்பது என் மாமியார் காலத்து விதி. அவ்விதியில் ஆள் காய்வதும் அடங்கியிருந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை.

என் மாமியாரின் நினைவும் அப்போது வந்தது. இதே அறையில், புகைபோக்கி இல்லாத விறகடுப்பின்முன் 40 ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் அவர். தண்ணீரை ஒருமுறைக்கு இருமுறை வடிகட்டுவார். வடிகட்டிய துணியைக் கிணற்று நீராலேயே அலசி, அந்நீரைத் தாம்பில் கட்டிய பாத்திரத்தில் மெல்ல இறக்கிக் கிணற்றிலேயே விடுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் அத்தகைய பரிவு! அவருடைய கண்களோ ஐம்பது வயதுக்குள் புரை படர்ந்து மங்கின. விறகுப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர்கள் இன்று கூறுகின்றனர். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்பு, உயிர்க்கொலை நேரும் ஐந்து இடங்களில் ஒன்று என்று நாங்கள் ஓதினோம். அடுப்பில் விழும் பூச்சியை எண்ணிக்கொண்டு ஓதினோம். அடுப்பின்முன் இருந்தவரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐம்பொறி உயிர் என்று நாம் உயர்த்திச் சொல்லும் மனிதப் பிறவியின் பொறி ஒன்று எங்கள் கண்ணெதிரே அவிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அந்த அம்மையாரை அழைத்து, “உங்களுக்கு எப்படி இருந்தால் வசதி?” என்று கேட்டேன். முதலில் சிரித்தார். “இதையெல்லாம் எங்கிட்ட எதுக்கும்மா கேக்கறீங்க?” என்றார். வற்புறுத்தவே, “தலைக்கு மேல நெழல் இருந்தாப் போதும். அப்புறம், முட்டி மடங்க மாட்டேங்குது” என்றார். முழங்கால் நோவு எத்தனை ஆண்டுகளாக என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அவருடைய உயரம் 4 அடி 9 அங்குலம். எங்கள் மேடைக்கு 34 அங்குலம் என்று குறித்திருந்தது மருமகளின் உயரத்திற்கு ஏற்ப. முழங்கைக்குச் சற்றுக் குறைவாகப் பணிமேடை அமைவது நலம் என்பர்; ஆனால் தொட்டியில் கை இன்னும் கீழே இறங்குவதால் அதன் விளிம்பு மேடையைவிடச் சற்று உயர்ந்திருக்கலாம். இதையெல்லாம் கணக்கிட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் அவர் நின்று துலக்க 32 அங்குல உயரத்தில் ஒரு தொட்டி கட்டினோம். மேலே ஓட்டுச் சாய்ப்பு. பாத்திரம் கவிழ்க்கும் தட்டு மட்டும் வெயிலில் நிற்கிறது. சமையல் மேடையை 33 அங்குலமாக்கினோம். எனக்கும் மருமகளுக்கும் நடுவிலான சமரசம் அது. இந்த ஏற்பாட்டால் செலவு கூடியது. கூடத்துக்கு வைத்திருந்த பளிங்குத் தரை நின்றுபோயிற்று. மகனுக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

புது அடுக்களையில் பால் காய்ச்சி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. எறும்பு வரத்தான் செய்கிறது. மேடையில் வெல்லத்தைச் சிந்தினால் வராமல் என்ன செய்யும்? கரப்பான் இதுவரை இல்லை. பழைய அம்மியும் ஆட்டுக்கல்லும் தாழ்வாரத்தில் கிடக்கின்றன. அவற்றை விற்க எனக்கு மனம் இல்லை. அவற்றில் அரைக்க எவருக்கும் தோள் இல்லை. அடிமண்ணில் ஊற்றிய நஞ்சு அங்கேதான் இருக்கிறது. பிரதிக்கிரமணத்தின்போது அதனை எண்ணுகிறேன். எண்ணிய பின்னும் அது மண்ணில்தான் இருக்கிறது.

சென்ற வாரம் கூடத்து வாயில் நிலையின் அடியில் மெல்லிய மண்கோடு ஒன்றைக் கண்டேன். நிலை தேக்குதான், ஆனால் மழைநீர் அந்த மூலையில் தேங்குகிறது. மண்ணை வெட்டி நீருக்கு வழி காட்டி, நிலையின் காலைக் கல்லின்மேல் உயர்த்திவைத்தால் போதுமா, அல்லது மறுபடியும் நஞ்சுதானா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. மகன் இரண்டாவதையே விரும்புகிறான். மேஸ்திரி வரும் வெள்ளியன்று காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று ஜினாலயத்திற்கு விடியற்காலையிலேயே போய்வந்துவிடுவேன். பத்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன்.